வாசலில் ஒரு செம்புத் தண்ணீர்

சில நாட்களுக்கு முன்பு நண்பர் ஒருவர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போயிருந்தோம். நண்பரின் குமாரிக்கு அது முதற் பிரசவம். பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் முகத்தில் ஒரு புன்னகையுமாக வாசற்படி ஏறினோம். ஏறியவுடனேயே தடை உத்தரவு பிறந்தது.

பிறப்பித்தவர் நண்பரின் தாயார்; எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. திண்ணையோரத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீரும், ஒரு செம்பும், தட்டில் ஒரு சோப்புக் கட்டியும், கொடியில் வெளுத்த சிறு துண்டுகள் சிலவும் தயாராயிருந்தன.

"கையைச் சோப்புப் போட்டு அலம்பிக் கொண்டு உள்ளே வாருங்கள்" என்றார் பாட்டி.

"இப்போதுதான் ஸ்நானம் செய்துவிட்டுக் கிளம்பினோம், அம்மா!" என்று சொல்லிப் பார்த்தோம்.

"ஸ்நானம் செய்த பிறகு பஸ்ஸில் கம்பியைப் பிடித்தீர்களா, இல்லையா? பழக்கடைக்காரனிடம் சில்லறை வாங்கினீர்களா, இல்லையா?"

இரண்டும் உண்மை. பதில் சொல்ல வாய் எழவில்லை.

"பத்திரிகைக்காரராயிருந்தால் என்ன, ஜில்லா கலெக்டராயிருந்தால் என்ன? கை கைதானே!" என்று பாட்டி தீர்ப்பையும் கூறி முடித்தார்.

உள்ளூரச் சிறிது ரோஷம் உண்டாயிற்று என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்? ஆயினும் கையை நீட்டினோம். வாளிக்குள் கையை விடப் பாட்டி சம்மதிக்கவில்லை. வீட்டுச் சிறுமி ஒருத்தி செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினாள். சோப்பு நுரையோடு கலந்து கீழே ஓடிய தண்ணீரின் நிறத்தைக் கண்டதும் ரோஷம் போன இடம் தெரியவில்லை, வெட்கந்தான் மிஞ்சிற்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் நமது எண்ணம் வியன்னா நகரத்தைச் சுற்றி வந்தது. 1847-ம் வருஷத்தில் அந்நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வாலிப வைத்தியர் இதே உத்தரவைப் பிறப்பித்தார். நம்மைப் போலவே அங்கும் பலருக்கு ரோஷம் வந்தது. அவர் உத்தரவினால் எத்தனையோ தாய்மார்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். உத்தரவிட்டவரின் வாழ்க்கைதான் பாழாயிற்று. அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால், பாட்டி வாசலில் வைத்த செம்புக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

ஒரு கூரை, இரண்டு வார்டுகள்

ஆஸ்திரியா தேசத்தின் தலைநகரான வியன்னாவில் 1784-ம் வருஷத்தில் இரண்டாவது ஜோஸப் சக்கரவர்த்தி ஒரு பெரிய பொது ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். அதிலிருந்த பிரசவ விடுதிக்குப் பெரும்பாலும் ஏழை ஸ்திரீகளே வந்தார்கள். அவர்களுக்குச் செலவில்லாமல் பிரசவம் பார்க்கப்பட்டது. அதற்குப் பதிலாக வைத்திய மாணாக்கர்கள் அவர்களிடத்தில் தொழில் கற்றுக் கொண்டார்கள்.

விடுதி இரண்டு பிரிவுகளாக இருந்தது. 1840-ம் வருஷத்திலிருந்து முதற் பிரிவில் வைத்தியர்களும் ஆண் மாணாக்கர்களும், இரண்டாவது பிரிவில் மருத்துவச்சித் தொழில் பயிலும் பெண்களும் பிரசவம் பார்த்து வந்தார்கள். எந்தப் பிரிவில் இடம் கிடைக்கும் என்பது, வந்து சேரும் கிழமையைப் பொறுத்தது. முறை மாற்றி மாற்றி இரு பிரிவுகளும் கர்ப்பிணிகளை அனுமதித்துக் கொண்டன.

படித்த வைத்தியர்கள் இருக்கும் பிரிவுதான் க்ஷேமமானது என்று நாம் நினைப்போம். கணக்கு வேறு விதமாகச் சொல்லிற்று. 1841 முதல் 1846 வரை ஆறு வருஷங்களில் வைத்தியர்களின் பிரிவில் 20,042 பிரசவங்கள் நடந்தன. 1,989 தாய்மார்கள் மாண்டார்கள். அதாவது பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஒருவர். மருத்துவச்சிகளின் பிரிவில் 17,791 பிரசவங்கள். மாண்டவர் 691 பேர். அதாவது நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு.

மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டு போனது பிரசவ ஜுரம். குழந்தை நலமாய்ப் பிறக்கும். தாயும் சிரித்துப் பேசிக் கொண்டிருப்பாள். இரண்டொரு நாளில் குளிர் கண்டு ஜுரம் ஏறும், வயிறு வீங்கி வலிக்கும், பிதற்றல் தொடங்கும். சில நாட்களுக்குள் காரியம் முடிந்து விடும்.

இந்த வித்தியாசம் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. முதற் பிரிவின் முறையன்று வந்து சேர்ந்த பெண்கள், தங்களை அங்கே அனுப்ப வேண்டாமென்று மண்டியிட்டுக் கெஞ்சினார்களாம். சிலர் வழியிலேயே, தெருவிலேயே பிரசவித்து விட்டுப் பிறகு வந்து சேர்ந்தார்கள். அதிசயம் என்னவென்றால், தெருவில் பிரசவித்தவர்களை அந்த ஜுரம் அவ்வளவாகப் பீடிக்கவில்லை. வைத்தியசாலையின் மெத்தையைக் காட்டிலும் நடுத்தெரு பத்திரமாயிருந்தது!

ஸெம்மல்வைஸ்

1846-ம் வருஷம் ஜூலை மாதத்தில் முதற் பிரிவுக்கு உதவி வைத்தியராக வந்தவர் இக்னாஸ் ஸெம்மல்வைஸ். ஹங்கேரி தேசத்துப் புடா நகரத்தில் 1818-ம் வருஷத்தில் பிறந்தவர். வயது இருபத்தெட்டு. மற்றவர்கள் பழகிப் போய்விட்ட மரணத்தில் அவர் மனம் பழகவில்லை. தலைவர் கிளைன் என்பவரோ, இது யார் கையிலும் இல்லாத விஷயம் என்ற கருத்துடையவர்.

அக்காலத்து வைத்திய பண்டிதர்கள் பல காரணங்கள் கூறி வந்தார்கள். காற்றில் ஒரு விஷ ஆவி பரவுகிறது என்றார்கள். அப்படியானால் ஒரே கூரையின் கீழுள்ள இரண்டாவது பிரிவில் அந்தக் காற்று நுழையாதா? ஜன நெருக்கம் காரணம் என்றார்கள். இரண்டாவது பிரிவிலேதான் நெருக்கம் அதிகம். பயம் காரணம் என்றார்கள். சாகக் கிடப்பவளுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணி ஒலிக்க வார்டு வழியே போவது வழக்கம். அந்த மணியோசையே மற்றவர்களைக் கொல்கிறதென்று சிலர் எண்ணினர். ஸெம்மல்வைஸ் பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாக வரச் செய்தார். சாவு குறையவில்லை. இரண்டாவது பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்ப்பதைக் கண்டு அதையும் செய்து பார்த்தார். அதிலும் பயனில்லை.

1847-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சில நாள் ஓய்வாக வெனிஸ் நகரம் சென்று திரும்பினார். வந்ததும் ஒரு துக்கச் செய்தி காத்திருந்தது. அவருடைய நண்பர், சட்ட வைத்தியப் பேராசிரியர் கொல்லெட்ஷ்கா இறந்து போயிருந்தார். பிரேத பரிசோதனையின்போது மாணாக்கன் ஒருவனுடைய கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. சிறு காயந்தான். அதிலிருந்து விஷம் ஏறி மாண்டார்.

நண்பரின் உடலைச் சோதித்த குறிப்புக்களை ஸெம்மல்வைஸ் படித்தார். படிக்கப் படிக்க நடுக்கம் உண்டாயிற்று. பிரசவ ஜுரத்தினால் மாண்ட நூற்றுக்கணக்கான பெண்களின் உடலில் அவர் கண்ட அதே மாறுதல்கள்! நண்பர் பிரசவிக்கவில்லை, கர்ப்பிணியும் அல்ல. ஆனால் வியாதி ஒன்றே. நண்பருக்குப் பிணத்தின் விஷத்தைக் கொண்டு சேர்த்தது கத்தி. அந்தப் பெண்களுக்குக் கொண்டு சேர்த்தது எது?

விடை அவருடைய கண்ணெதிரே, அவருடைய மணிக்கட்டின் நுனியில் இருந்தது.

தினந்தோறும் காலையில் வைத்தியர்களும் மாணாக்கர்களும் பிணவறைக்குச் சென்று பிரேதங்களை அறுத்து ஆராய்வார்கள். பிறகு கையைச் சோப்பினால் கழுவிக் கொண்டு பிரசவ வார்டுக்கு வந்து, ஒவ்வொரு கர்ப்பிணியையும் கையினால் சோதிப்பார்கள். கழுவிய பிறகும் கையில் பிண வாடை நெடுநேரம் நிற்கும். வாடை நிற்கிறதென்றால் பொருளும் நிற்கிறதென்று தானே அர்த்தம்? மருத்துவச்சிகள் பிணவறைப் பக்கம் போவதில்லை. ஆகவே இரண்டாவது பிரிவில் சாவு குறைவு. தெருவில் பிரசவித்தவளை ஒருவரும் கை வைத்துச் சோதிக்கவில்லை. ஆகவே அவள் பிழைத்தாள். சிதறிக் கிடந்த விடுகதைகளெல்லாம் ஒரே விடையில் வந்து அடங்கின.

அந்த விடை அவருக்கு ஆறுதல் தருவதாயில்லை. பிணவறைக்கு மற்ற எவரையும்விட அதிகமாகப் போய் வந்தவர் அவரே. வியாதியின் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்ற ஆவலினாலேயே போனார். அந்த ஆவலே எத்தனை பேரைக் குழியில் தள்ளிற்றோ என்று பிற்காலத்தில் அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். வெனிஸிலிருந்து திரும்பி மறுபடியும் வேலை ஏற்றுக் கொண்ட பிறகு வந்த ஏப்ரல் மாதத்தில் மட்டும் 312 பிரசவங்களில் 57 பேர் மாண்டார்கள்.

ஒரு பாத்திரம், ஒரு பிரஷ்

1847-ம் வருஷம் மே மாதத்தின் நடுவில், வார்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பாத்திரம் வைக்கப்பட்டது. அதில் குளோரின் கலந்த நீர். பிறகு செலவு கருதிக் குளோரின் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தார்கள். நமது ஊர்க் கிணறுகளில் போடுகிற பிளீச்சிங் பவுடர் என்ற அதே சரக்குத்தான். பேராசிரியராயினும் மாணாக்கராயினும் அதில் கையைத் தேய்த்துக் கழுவாமல் எந்தப் பெண்ணையும் தொடக் கூடாது என்று உத்தரவு.

பலன் என்ன? ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூன் மாதத்தில் 268 பிரசவங்களுக்கு 6 ஆகவும், ஜூலையில் 250-க்கு 3 ஆகவும் இறங்கிற்று. மறு வருஷம் 1848-ல் 3,556 பிரசவங்களில் மாண்டவர் 45 பேரே. மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை. புதிய மருந்து எதுவும் வரவில்லை. புதிய கட்டிடம் எழும்பவில்லை. கையைக் கழுவினார்கள், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு பாடமும் கிடைத்தது. 1847-ம் வருஷம் அக்டோபரில் கருப்பையில் புற்றுநோய் கண்ட ஒரு பெண் வார்டில் முதற் கட்டிலில் படுத்திருந்தாள். அவளைச் சோதித்த பிறகு வைத்தியர்கள் கையை வெறும் சோப்பினால் மட்டும் கழுவிக் கொண்டு வரிசையிலிருந்த மற்றவர்களைச் சோதித்தார்கள். அன்று பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினொருவர் மாண்டார்கள். பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் விஷம் கையேறிச் செல்லும் என்பது தெளிவாயிற்று. அன்று முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் கை கழுவ வேண்டுமென்று விதி ஏற்பட்டது.

கண்ணியவான்களின் கை

வாசகர்கள் இங்கே ஒரு வெற்றி விழாவை எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு.

ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி, ஹெப்ரா முதலிய பெரிய அறிஞர்கள் சிலர் ஸெம்மல்வைஸின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் பெரும்பாலோர் ஏற்கவில்லை. காரணத்தை யோசித்தால் அவர்களுடைய சங்கடம் விளங்கும். இதை ஒப்புக் கொள்வதென்றால், 'இத்தனை வருஷமாக நம்முடைய கைகளே கொன்றிருக்கின்றன' என்று ஒப்புக் கொள்ள வேண்டும். கனவான்கள் என்றும், பண்டிதர்கள் என்றும் உலகம் போற்றும் தங்களுடைய கையா அழுக்கானது? அதையும் சொல்ல வந்தவன் யார்? அயல் நாட்டிலிருந்து வந்த ஒரு சிறிய உதவி வைத்தியன்!

கீல் நகரத்தில் மைக்கேலிஸ் என்ற பிரசவ நிபுணர் மட்டும் அதை முழு மனத்தோடு ஒப்புக் கொண்டார். தாம் பிரசவம் பார்த்த சொந்த உறவுப் பெண் ஒருத்தி அந்த ஜுரத்தினால் மாண்டதை எண்ணி எண்ணி உருகி, 1848-ம் வருஷத்தில் ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். உண்மையைத் தாங்குவது சில சமயம் எவ்வளவு கொடியது!

ஸெம்மல்வைஸ் பக்கத்திலும் குறைகள் உண்டு. தமது ஆராய்ச்சியை அவர் உடனே எழுதி வெளியிடவில்லை. முதலில் நண்பர்களே எழுதினார்கள். அவருடைய பெரிய நூல் 1861-ம் வருஷத்தில்தான் வெளிவந்தது. எதிர்த்தவர்களைப் பொறுமையாக இணங்க வைக்கும் சுபாவமும் அவருக்கு இல்லை. பகிரங்கக் கடிதங்களில் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே எழுதினார்.

1849-ம் வருஷத்தில் அவருடைய உத்தியோகம் புதுப்பிக்கப்படவில்லை. மறு வருஷம் மனங் கசந்து வியன்னாவை விட்டுப் பெஸ்டு நகரம் சேர்ந்தார். அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களில் ஜுரத்தினால் மாண்டவர் 8 பேரே என்ற அளவுக்கு நிலைமையைக் கொண்டு வந்தார். ஆயினும் உலகம் செவி சாய்க்கவில்லை. மனம் கலங்கிற்று. 1865-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அவரை வியன்னாவிலிருந்த பைத்தியக்கார விடுதியில் சேர்த்தார்கள். அங்கே காவலாட்கள் அவரை அடித்தார்கள். இரண்டு வாரத்தில், ஆகஸ்டு 13-ந் தேதி, காயத்திலிருந்து இரத்தத்தில் விஷம் ஏறி மாண்டார். எந்த வியாதியைத் தாய்மார்களிடமிருந்து விரட்டப் பாடுபட்டாரோ, அதற்குச் சொந்தமான வியாதியே அவரைக் கொண்டு போயிற்று. வயது நாற்பத்தேழு.

அவருக்கு முன்பே இதைச் சொன்னவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து அலெக்ஸாண்டர் கார்டன் 1795-லும், அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-லும், இந்த ஜுரத்தை வைத்தியர்களும் மருத்துவச்சிகளுமே வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்கிறார்கள் என்று எழுதினார்கள். அவர்களுக்கும் கிடைத்தது பகைதான். பிறகு காலம் மாறிற்று. 1867-ல் லிஸ்டர் ரண சிகிச்சையில் கார்பாலிக் அமிலத்தின் மகிமையை வெளியிட்டார். 1879-ல் பாஸ்டர் பாரிஸ் வைத்திய சபையில் எழுந்து, பிரசவ ஜுரத்துக்குக் காரணமான கிருமியின் உருவத்தைப் பலகையில் வரைந்து காட்டினார். மணி கோத்த சரம் போன்ற அந்தக் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர். ஸெம்மல்வைஸ் மாண்டு அப்போது பதினான்கு வருஷங்கள் ஆகியிருந்தன.

இன்னுமா இந்தக் கதை?

இது பழைய கதை. இப்போது வைத்திய உலகில் இதை அறியாதவர் யார் என்று கேட்கலாம். அறிவது வேறு, செய்வது வேறு. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் ஜினீவா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டிடியே பிட்டே என்பவரும் அவருடைய தோழர்களும் 1994-ம் வருஷத்தில் கணக்கெடுத்தார்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய சமயங்களில் பாதிக்குக்கூட, அதாவது நூற்றுக்கு 48 சமயங்களுக்கு மேல், அது செய்யப்படவில்லை! கெட்ட எண்ணத்தினால் அல்ல. வேலை மிகுதி, தண்ணீர்க் குழாய் தூரம். சாராயச் சத்துக் கலந்த திரவத்தை ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் வைத்தார்கள். சுவரெல்லாம் ஞாபகப் படங்கள் ஒட்டினார்கள். 1997-க்குள் 48 என்பது 66 ஆக உயர்ந்தது. ஆஸ்பத்திரியிலேயே தொற்றும் நோய்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 17-லிருந்து 10 ஆகக் குறைந்தன.

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வருவோம். கராச்சி நகரத்து ஏழைக் குடியிருப்புக்களில் 2002, 2003-ம் வருஷங்களில் ஒரு பரீட்சை நடந்தது. சில வீடுகளுக்குச் சோப்புக் கொடுத்து, வாரந்தோறும் ஆட்கள் சென்று கை கழுவும் பழக்கத்தை வற்புறுத்தினார்கள். மற்ற வீடுகளோடு ஒப்பிட்டபோது, இந்த வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் நிமோனியா ஜுரமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. கிருமிநாசினி கலந்த விலையுயர்ந்த சோப்பும் சாதாரணச் சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன என்பதைக் குடும்பச் செலவுக் கணக்கு எழுதும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

2020-ம் வருஷத்தில் கொரோனா நோய் உலகத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்தபோது, நாமெல்லோரும் நாளைக்கு எத்தனை முறை கை கழுவினோம்! அந்தப் பழக்கம் பயத்தோடு வந்தது. பயம் போனதும் பல வீடுகளில் அதுவும் போய்விட்டது.

நம் வீட்டுப் பழக்கம்

நமது தேசத்தில் சுத்தத்துக்குக் குறைவில்லை என்று நாம் பெருமை கொள்வதுண்டு. வெளியே போய் வந்தால் கை கால் அலம்பும் வழக்கம் நம் முன்னோர்கள் வைத்த நல்ல வழக்கம். ஆனால் மனச்சாட்சியோடு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இலை முன் உட்காருமுன் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? விரல் நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உதறுகிறோம். சாப்பிட்டு எழுந்த பிறகோ, நெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். வாய்க்குள் போகப் போகும் கைக்கு இரண்டு சொட்டு. போய் வந்த கைக்கு ஒரு செம்பு! கையினாலேயே பிசைந்து உண்ணும் நமக்கு, அதே கையினால் குழந்தைக்கு ஊட்டும் நமக்கு, இந்தக் கணக்கு தலைகீழாயிருப்பது நியாயமா?

வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். தோலில் இயற்கையாக ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. கிருமிகள் அதில் ஒட்டிக் கொள்கின்றன. எண்ணெயும் தண்ணீரும் சேராது. ஆகையால் தண்ணீர் அவற்றின் மேல் வழிந்து ஓடிவிடுகிறது. சோப்பின் ஒவ்வோர் அணுத்திரளுக்கும் இரண்டு முனைகள். ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மற்றொரு முனை தண்ணீரைப் பற்றும். இரண்டு பகைவர்களுக்கு நடுவே நின்று இருவர் கையையும் பிடித்து அழைத்துச் செல்லும் சமரஸவாதி போல, பிசுக்கையும் அதிலுள்ள கிருமிகளையும் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றி விடுகிறது. கொரோனா போன்ற சில கிருமிகளுக்குக் கொழுப்பினாலான ஒரு மேலுறை உண்டு. அந்த உறையையே சோப்பு உடைத்து விடுகிறது.

இந்த வேலைக்குச் சிறிது அவகாசம் வேண்டும். இருபது விநாடியாவது தேய்க்க வேண்டும். உள்ளங்கையோடு நிற்காமல், புறங்கை, விரலிடுக்கு, நகத்தின் அடி, கட்டைவிரல், மணிக்கட்டு எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். கட்டைவிரலையும் நக நுனியையும் நாம் சாதாரணமாக மறந்து விடுகிறோம். ஓடும் தண்ணீரிலோ, செம்பில் மொண்டு ஊற்றும் தண்ணீரிலோ அலச வேண்டும். பலர் கை நனைத்த ஒரே பாத்திரத்தில் மேலும் ஒருவர் கை நனைப்பதில் பயனில்லை. பிறகு சுத்தமான துண்டினால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஏனெனில் ஈரக்கையிலிருந்து கிருமி எளிதில் தாவும். புடவைத் தலைப்பிலும், அடுப்பங்கரைப் பிடிதுணியிலும் துடைத்தால் செய்த வேலை வீண்.

மலஜலம் கழித்த பின், குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பின், சமையலுக்கு முன், உண்பதற்கும் ஊட்டுவதற்கும் முன், நோயாளிக்குப் பணிவிடை செய்வதற்கு முன்னும் பின்னும், இருமித் தும்மிய பின், ஆடு மாடு நாய்களைத் தொட்ட பின் - இந்த வேளைகளில் சோப்பு அவசியம். வெளியே போகுமிடத்தில் தண்ணீர் கிடைக்காவிட்டால் சாராயச் சத்துள்ள திரவத்தைத் தேய்த்துக் கொள்ளலாம். ஆனால் கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் அது பயன்படாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகளும் அதற்கு அஞ்சுவதில்லை. அப்போது சோப்பும் தண்ணீரும்தான் கதி.

பாட்டியின் யுக்தி

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வியன்னாவில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பெரிய மனிதர்களைப் பார்த்து, "உங்கள் கையைக் கழுவுங்கள்" என்று சொல்வதுதான் பஞ்சமாயிருந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தான். புக்ககத்து உறவினர் ஒருவர் வெகு தூரம் பிரயாணம் செய்து வருகிறார். ஆசையோடு குழந்தையை வாங்கிக் கன்னத்தைத் தொட்டு விரலை அதன் வாயருகில் கொண்டு போகிறார். பிரசவித்துப் பன்னிரண்டு நாளான சின்னப் பெண், "பெரிய மாமா, கையை அலம்பிக் கொண்டு வாருங்கள்" என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் மரியாதைக் குறைவு; சொல்லாவிட்டால் மனத்துக்குள் பதைப்பு.

அன்று விடை பெறும்போது பாட்டியிடம் இதைக் கேட்டோம்: "வருகிறவர்கள் கோபித்துக் கொள்வதில்லையா, அம்மா?"

பாட்டி சிரித்தார். "ஒருத்தரை மட்டும் அலம்பச் சொன்னால்தானே கோபம் வரும்? வாளி வாசலில் இருக்கிறது. என் பிள்ளை ஆபீஸிலிருந்து வந்தாலும் அலம்புகிறான், சம்பந்தி வந்தாலும் அலம்புகிறார், நானும் அலம்புகிறேன். இதில் யாருக்கு என்ன குறைச்சல்?"

சற்றுத் தயங்கிவிட்டு மேலும் சொன்னார்: "எனக்கு முன்னால் பிறந்த அக்காளை நான் பார்த்ததில்லை. அவளைப் பெற்றுப் பத்தாம் நாள் என் பெரியம்மா ஜுரத்தில் போய்விட்டாளாம். பிறகுதான் என் அம்மாவை அப்பாவுக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். தாயில்லாமல் அந்தக் குழந்தையும் தங்கவில்லை. அந்த ஜுரம் ஏன் வந்தது என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? இப்போது தெரிகிறதே. தெரிந்த பிறகும் சும்மா இருக்கலாமா?"

நாம் பதில் சொல்லவில்லை. உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்கிற்று. தாய் எழுந்து அதை எடுக்குமுன் மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சப்தம் கேட்டது. சிறிது நேரத்துக்கெல்லாம் சிணுங்கலும் அடங்கிற்று.

வீட்டுக்கு வந்ததும் நமது வாசலிலும் ஒரு வாளியும் செம்பும் சோப்பும் வைத்தாயிற்று. அடுத்த முறை நம்மைப் பார்க்க வரும் நண்பர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாமென்று இதன் மூலம் கேட்டுக் கொள்கிறோம். நாமும் அலம்பி விட்டுத்தான் உள்ளே போகிறோம்.